கொக்கி ஸ்பேனரும் உளியும்

அன்புள்ள மகனுக்கு,

போன வாரம் உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது. உன் அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். போடிமெட்டுப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் வந்து கேட்கவும் செய்தார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்பதைத்தான் இத்தனை தாளில் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. உன் மாமனார், மாமியார், மருமகள் ஸ்டெல்லா மூன்று பேரையும் உட்கார வைத்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி. உனக்குச் சங்கடமான இடங்கள் வரும். அங்கே தாண்டிப் போகாதே. தாண்டிப் போவதில் நீ கெட்டிக்காரன் என்று எனக்கு இப்போது தெரியும்.

சம்பந்திக்கு முன்கதை தெரியாது என்பதால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். நெருக்கடி நிலை அறிவித்த வருடம்தான் எங்கள் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார மேனேஜர் சின்னக்கானலை விட்டு ஊருக்குக் கிளம்பினார். இரண்டு வருடமாக அவருடைய பங்களா ஜெனரேட்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. போகும்போது கார் ஷெட்டைத் திறந்து, பழைய தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்த மோட்டார் சைக்கிளைக் காட்டி, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இரட்டை சிலிண்டர், சீமை வண்டி, அவர் வாலிபத்தில் பந்தயம் ஓட்டியது. எலி சீட்டைத் தின்றிருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் துருவேறி நின்றது. நீ அதைத் தள்ளிக்கொண்டு நம் லயத்து வீட்டுக்கு வந்தபோது, "ஏலே, பொணத்த எதுக்குலே வீட்டுக்குக் கொண்டாந்த?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். ஐந்து மாதம் கழித்து அது எழுந்து ஓடியது. தோட்டத்தில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்க்க வந்தார்கள். நான் வரவில்லை. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். நல்ல சத்தம். அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

மற்றப் பையன்கள் வண்டி ஓடினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். நீ விடவில்லை. நேர்ச் சாலையில் நன்றாகப் போகிறது, வளைவில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே வெளியே இழுக்கிறது என்றாய். அதற்காகப் பின் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்தாய். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வளையம். அதில் மூன்று படி. வளையத்தைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகும். அதைத் திருப்ப ஒரு கொக்கி ஸ்பேனர் வேண்டும், அது இந்த மலையில் எங்கும் கிடைக்காது. என் லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போய், தேயிலை ஆலைப் பட்டறையில் காய்ச்சி அடித்து, அராவி, கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றி நீயே ஒன்று செய்தாய். பார்த்தால் கடையில் வாங்கியது போல இருந்தது. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, பட்டையைத் திருப்பித் தரவில்லையே என்று மட்டும் கேட்டேன்.

பிறகு அளவு எடுத்தாய். சம்பந்தி, இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சு நட்டிலிருந்து சீட்டு விளிம்பு வரைக்கும் அவன் அம்மாவின் தையல் நூலைப் பிடித்து ஒரு முடிச்சு. ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்து இன்னொரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, ஒரு படி கூட்டி, ஒரு படி குறைத்து, நாள் முழுவதும் அதே வேலை. தன் எடை சரியாகத் தெரிய வேண்டும் என்று கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய், சாக்கு மாட்டும் கொக்கியைப் பிடித்துத் தொங்கினான். ஈரக் கொழுந்து என்று சொல்லித் தினமும் எடையில் கழிப்பார்களே, அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்துப் பெண்கள் அன்று இவன்மேல் தீர்த்துக்கொண்டார்கள். "கங்காணி, இது ஈரக் கொழுந்து! ரெண்டு கிலோ கழிச்சு எழுதுங்க!" என்று ஒரே கூச்சல். ஐம்பத்து மூன்று கிலோ. அந்த எடைக்கு முதல் படியே போதும் என்று கண்டுபிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போடிமெட்டுச் சாலைக்குப் போய்விடுவாய். டயரின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு, ஒரே வளைவில் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பாய். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை வண்டி சாய்ந்திருக்கிறது என்று கணக்கு. ஒரு நாள் நான் லாரியோடு மேலே திருப்பத்தில் நின்று உனக்குத் தெரியாமல் பார்த்தேன். வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு உன் கை, தோள், தலை எதுவும் அசையவில்லை. வண்டி தண்ணீர் ஓடுவது போல ஒரே இழுப்பில் திரும்பி வெளியே வந்தது. இருபத்திரண்டு வருடமாக அதே வளைவில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இதனால் என்ன லாபம், பந்தயத்துக்கா போகப் போகிறாய் என்று வீட்டில் உன்னைக் கேலி செய்தவனும் நான்தான். வளைவு சரியாக வர வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. அப்படி ஒரு ஆசை எனக்கு எதன்மேலும் இருந்ததில்லை.

இனி என் கதை. லாரிக்காரனுக்கு ஸ்பிரிங் என்றால் ஒன்றுதான் தெரியும். தொய்ந்தால் கெட்டது, விறைத்து நின்றால் நல்லது. மலையில் பாரம் ஏற்றுகிறவன் பட்டைமேல் பட்டை சேர்த்துக்கொண்டுதான் போவான். நீ ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் இறங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. "ஏலே, ஸ்பிரிங்கு இப்படிப் படுத்துக் கெடந்தா வளைவுல எப்படிலே தாங்கும்?" என்றேன். "சக்கரம் மேல ஏறுறதுக்கு மட்டும் இல்லப்பா, கீழ எறங்குறதுக்கும் எடம் வேணும். பள்ளம் வந்தா அது எறங்கித் தரையப் புடிச்சுக்கணும்ல" என்றாய். எனக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. போடா, நீ எனக்குச் சொல்லித் தர வந்துட்ட என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஆலை பெல்ட் வாங்க நீ போடிக்கு வண்டியில் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். நீயும் அம்மாவும் போன பிறகு வண்டியிடம் போனேன். உன் ஸ்பேனர் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. நடு ஸ்டாண்டில் ஏற்றினால் சுலபமாகத் திரும்பும் என்பதும் தெரியாது. சைடு ஸ்டாண்டில் நின்றபடியே என் உளியை வளையத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இடது பக்கம் மூன்றாம் படிக்குப் போனது. வலது பக்கம் இரண்டாம் படியோடு இறுகிக்கொண்டது. அடித்துப் பார்த்தேன், வரவில்லை. போதும், முன்னைக்கு இது பலம் என்று உளியைத் துடைத்து லாரிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. அன்று மழை பிடித்துக்கொண்டதால் நீ வண்டியை எடுக்கவில்லை, நான் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன், மகனே. உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை நீ முன்னால் போனாய். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் பின்னால் நான். வருடம் முழுவதும் ஊற்றுத் தண்ணீர் கசிந்து சாலை அலை அலையாகக் கிடக்குமே, அந்த வளைவில் வண்டி ஓரமாக விழுந்து கிடந்தது. நீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். முகம் வெளுத்திருந்தது. "பின் சக்கரம் தரையிலயே நிக்கலப்பா. குதிச்சுக்கிட்டே ஓரத்துக்குப் போயிருச்சு. ஏன்னே தெரியல" என்றாய். காரணம் என்னவென்று அந்த நிமிடமே எனக்குப் பாதிக்குமேல் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "வேகமா வந்திருப்பலே. வேற என்ன?" என்றேன். உன் தோள் எலும்பும் மணிக்கட்டும் உடைந்திருக்க, உன் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு நீ வண்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்ததை அடுப்படியிலிருந்து பார்த்தேன். வெகு நேரம் உட்கார்ந்திருந்தாய். சாப்பிட வந்தபோது, கேட்காமலே, "நீங்க சொன்னது சரிதான்ப்பா. வேகமா வந்துட்டேன்" என்றாய். அதுவரை ஏன் என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பையன் திடீரென்று ஏன் மாற்றிச் சொல்கிறான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அன்று இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு உன் கல்யாணப் பேச்சு வந்தது. கொல்லங்கோட்டிலிருந்து சம்பந்தியும் அவர் தம்பியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விழுந்த கதையை யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். சம்பந்தி, நீங்கள் கேட்டது ஒரு சொல் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "ஏனுங்க, எம்பட பொண்ணு ஒண்ணே ஒண்ணுங்க. மாப்பிள்ளைக்கு வண்டியில கவனம் பத்தாதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" என்றீர்கள். இவன் தலையை நிமிர்த்தி, "ஆமாங்கய்யா, எந் தப்புதான். இனிமே அந்த வண்டிய எடுக்க மாட்டேன்" என்றான். "அந்த வண்டி நம்ம ஊட்டு வாசலுக்கு வரக் கூடாது, கண்ணு. உங்கப்பாவப் பாரு, இத்தன வருசமா மலையில லாரி ஓட்டறாரு, ஒரு கீறல் உண்டுங்களா? அவருகிட்டக் கத்துக்கோணும்" என்றீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இவனைத் தவிர. இவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

நீங்கள் போன மறுநாள் காலையில்தான் எனக்குத் தைரியம் வந்து வண்டியிடம் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்க வளையமும் முதல் படிக்குத் திரும்பியிருந்தன. உளி பட்ட வெட்டுகள் இருந்த இடத்தை அரம் போட்டு வழவழவென்று தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. ஸ்பேனர் வைத்திருப்பவன் உளியால் அடிக்க மாட்டான். இந்த லயத்தில் உளி வைத்திருப்பவன் ஒருவன்தான். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த அன்றைக்குத்தான் உன் பேச்சை மாற்றியிருக்கிறாய். ஒற்றைக் கையால், அப்பன் அடித்த அடையாளம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று உட்கார்ந்து அராவியிருக்கிறாய். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து லாரி எடுக்கப் போய்விட்டேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கீறல் இல்லாதவன் என்ற பேர் எனக்கு அவ்வளவு இனித்தது.

கல்யாணம் முடிந்தது. அரிசி மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்து நீ கொல்லங்கோட்டுக்குப் போய்விட்டாய். தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வண்டி இங்கே நின்றது. அதைக் கொடுத்துவிடுங்கள் என்று உன் கடிதம் வந்ததும், படித்துக் காட்டிவிட்டு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. "கோயில்லேருந்து வந்தப்ப நீங்க உளியத் தொடச்சுப் பெட்டியில போட்டத நான் பாத்தேன். அவன் அரம் போடுற சத்தமும் கேட்டேன். என்னடான்னு கேட்டா, துருப் புடிச்சிருக்கும்மான்னான். மூணு பேருக்கும் தெரியும். மூணு பேரும் கொழம்பு நல்லாருக்குன்னு சாப்புட்டோம்" என்றாள். பிறகு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

தார்ப்பாயை எடுத்தோம். உன் பெட்டிச் சாவி அவளிடம்தான் இருந்திருக்கிறது. உள்ளே ஸ்பேனரும் நீ முடிச்சுப் போட்ட நூலும் அப்படியே இருந்தன. நடு ஸ்டாண்டில் ஏற்றினோம். அவள் நூல் பிடிக்க, நான் முடிச்சுப் போட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்கும் என்று பார்க்க எடை தெரிய வேண்டுமே. கொழுந்து நிறுக்கும் கொக்கியில் நான் தொங்கினேன், பிறகு ஒரு பலகையைக் கட்டி அவளை உட்கார வைத்தோம். பெண்கள் விடவில்லை. "சேலைக்கும் கொண்டைக்கும் கழிங்க கங்காணி!" என்றார்கள். அவள் எடையை நான் இங்கே எழுதக் கூடாதாம். உன் கொக்கி ஸ்பேனரை வளையத்தில் மாட்டி ஒரு கையால் இழுத்தேன். வெண்ணெயாய்த் திரும்பியது. இதற்குப் போய் அன்று சுத்தியலால் அடித்தேனே என்று என்மேல் எனக்கே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. முதல் படியில் மிகவும் தொய்ந்தது. மூன்றாம் படியில் விறைத்தது. இரண்டாம் படியில், இரண்டு பக்கமும் ஒரே அளவில், நீ நூலில் வைத்திருந்த முடிச்சுக்கு நேராக வந்து நின்றது.

நேற்று அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போடிமெட்டில் இறங்கினேன். அந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். சாலை அலை அலையாகத்தான் கிடந்தது. ஆனால் பின் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கித் தரையைப் பிடித்துக்கொண்டே வந்ததை இடுப்பில் உணர்ந்தேன். வளைவு முடிந்து நேர்ச் சாலை வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். "லாரியில வந்தா வயிறு கலக்கும். இதுல ஒண்ணுமே தெரியல" என்றாள் அம்மா. நீ சொன்னது எனக்கு அங்கேதான் புரிந்தது. இருபத்து மூன்று வயதில், யாரும் சொல்லித் தராமல், ஒரு நூலையும் சுண்ணாம்புக் கட்டியையும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தவன் என் மகன். நீ கவனக்குறைவானவன் இல்லை. நான் பார்த்ததிலேயே கவனமான ஓட்டுக்காரன் நீதான். மேலே வந்ததும் லாரி ஷெட்டில் மற்ற டிரைவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். ஒருவர் எழுந்து வந்து பீடி கொடுத்தார்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இதில் இல்லை. இருந்தாலும் அப்பன் ஆயிற்றே, சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டெல்லா ஏறினால் இரண்டாம் படி. நீ தனியாகப் போனால் மறக்காமல் முதல் படி. எடை கேட்கும்போது கேலி செய்யாதே. மில்லில் தராசுக்கா பஞ்சம், அவளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். ஏறப் பிடிக்கிறதா என்று முதலில் அவளைக் கேள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஏதாவது ஒன்றை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தால், புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல். அது இல்லாத நேரம் பார்த்து அதன் சாமானில் கை வைக்காதே. இன்னொன்று, என்னைக் காப்பாற்றியது போல இனி யாரையும் காப்பாற்றாதே. உன் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாமல் போனதை விட, நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

சம்பந்தி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, மூணாறு, மறையூர், உடுமலை வழியாக நானும் இவன் அம்மாவும் அந்த வண்டியிலேயே வருகிறோம். உங்கள் வாசலுக்கு வரக் கூடாது என்றீர்கள். அதனால் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவேன். வண்டி உள்ளே வரலாமா என்பதை நீங்கள் என் முகத்தையும் இவன் முகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். என்ன முடிவானாலும் வண்டியை இவனிடம் விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பிவிடுவோம்.

மகனே, நீ மறுத்துப் பேசுவாய் என்று தெரியும். அப்பா எதையோ பெரிதுபடுத்துகிறார், நான்தான் வேகமாக வந்தேன் என்று அவர்கள் எதிரிலும் சொல்வாய். அதனால் உளியையும் கொண்டு வருகிறேன். எல்லா அடையாளத்தையும் நீ அராவிவிட்டாய். செயின் கவருக்குப் பின்னால், உன் அரம் எட்டாத இடத்தில், ஒரே ஒரு வெட்டு மிச்சம் இருக்கிறது. சம்பந்தியைத் தெருமுனைக்குக் கூட்டிப் போய்க் குனியச் சொல்லி, உளியை அதில் வைத்துக் காட்டுவேன். சரியாகப் பொருந்துகிறது. நேற்றே வைத்துப் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா